உப்புக்கறிக்கும் மீன் குழம்புக்கும் எந்த ஒயின்? தோப்பு விருந்துக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: மாசி மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, காரைக்குடிப் பக்கம் உங்கள் சொந்தத் தோப்பில் இருபது பேர் கூடுகிறீர்கள். விறகடுப்புச் சமையல். மிளகுக் கோழி வறுவல், உப்புக்கறி, தொண்டியிலிருந்து வரும் மீனில் ஒரு குழம்பு, கறி சாப்பிடாதவர்களுக்கு மசாலா சீயமும் வெள்ளைப் பணியாரமும், கடைசியில் கவுனி அரிசி. இந்தத் தடவை பிராந்தி, பீர் வேண்டாம், ஒயின் வைக்கலாம் என்று முடிவாகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து வரும் உங்கள் அயித்தான் "கறி என்றால் நல்ல கனமான சிவப்பு ஒயின்தான்" என்கிறார், எது வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பிராண்டு பெயர் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நம் ஊர் மிளகாய்க்கும் புளிக்கும், அதுவும் வெட்டவெளியில், ஒயின் ஒத்துவருமா, வந்தால் எந்த மாதிரி ஒயின் என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன், பெயர்களும் நடுவில் வரும்.

நான் ஹோட்டல் தொழிலில் ரெஸ்டாரண்ட், பார் பொறுப்பில் பல வருடம் இருந்தவன். ஒயின் பற்றி முறையாகப் படித்ததும் உண்டு. படிப்பில் வந்த சாப்பாடு எல்லாம் பிரெஞ்சும் இத்தாலியும்தான். செட்டிநாட்டுச் சாப்பாட்டோடு எது ஒட்டும், எது ஒட்டாது என்பதை, எந்த மேஜையில் கிளாஸ் பாதியில் நிற்கிறது, எந்த மேஜையில் இன்னொரு தடவை ஊற்றச் சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அனுபவத்தில் சொல்வதென்றால், ஒயின் நம் சாப்பாட்டோடு நன்றாகவே சேரும். ஆனால் அயித்தான் சொல்வதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்: நன்றாகக் குளிர்ந்த, ஆல்கஹால் அதிகமில்லாத, துவர்ப்பே இல்லாத, முடிந்தால் ஒரு துளி இனிப்புள்ள வெள்ளை, அல்லது ரோஸே என்கிற இளஞ்சிவப்பு ஒயின். சிவப்புக்கு உங்கள் பட்டியலில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கறிக்குச் சிவப்பு என்ற பழக்கம் பொய் கிடையாது. அது வந்த ஊர்களில் ஆட்டுக்காலையோ மாட்டிறைச்சியையோ உப்பும் கொஞ்சம் மிளகும் போட்டுச் சுட்டு அப்படியே வைப்பார்கள். அந்தக் கொழுப்பும் புரதமும் சிவப்பு ஒயினின் துவர்ப்பை எடுத்துக்கொள்ளும், இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். நம் பக்கம் கறியின் ருசியைத் தீர்மானிப்பது கறி மட்டும் இல்லையே. வரமிளகாய், சோம்பு, கல்பாசி, மராட்டி மொக்கு, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் எல்லாம் சேர்ந்து வாயில் வந்து உட்கார்ந்த பிறகு அது ஆடா கோழியா என்பதே மூன்றாம் பட்சம். அதனால் கறியின் நிறத்தைப் பார்த்து ஒயினை எடுக்காமல், மசாலாவைப் பார்த்து எடுக்க வேண்டும்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. மிளகாயில் இருக்கும் கேப்சைசின், வாயில் சூட்டை உணர்வதற்கென்று இருக்கும் ஏற்பிகளைத்தான் தூண்டுகிறது, அதனால்தான் காரம் எரிச்சலாகவே தெரிகிறது. இந்த ஏற்பி சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு பட்டால்தான் வேலை செய்யும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நம் வாய்க்குள் எப்போதும் அதைவிடச் சூடு அதிகம். ஏற்கெனவே மிளகாய் எரித்துக்கொண்டிருக்கும் வாயில் 14.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினை ஊற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அடுத்தது டானின், அந்தத் துவர்ப்புக்குக் காரணமான பொருள். திராட்சைத் தோல், விதை, ஓக் பீப்பாய் மூன்றிலிருந்தும் வருவது. எச்சிலில் இருக்கும் புரதத்தோடு போய் ஒட்டிக்கொண்டு வாயை வறள வைத்துவிடும், கொட்டைப்பாக்கை மென்றது போல. வறண்ட வாயில் காரம் இன்னும் கூர்மையாகத் தெரியும், காரம் பட்ட வாயில் துவர்ப்பு இன்னும் கசப்பாகத் தெரியும், ஒன்று மற்றொன்றைக் கிளப்பிவிடும். விலையை ஏற்றி வாங்கினால் இது சரியாகிவிடாது. கேபர்னே என்ற கனமான சிவப்பு வகையில், விலை உயர்ந்ததில் பெரும்பாலும் டானினும் ஓக்கும் கூடுதலாகவே இருக்கும், அதனால் உப்புக்கறியோடு அது இன்னும் மோசமாகத்தான் நடந்துகொள்ளும்.

இனி ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயங்கள். இனிப்பு காரத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்பது பொதுவாகச் சரி, ஆனால் எவ்வளவு என்பதை ஒரே அளவுகோலில் சொல்ல முடியாது. சின்ன வயதிலிருந்து உறைப்பு சாப்பிட்டு வளர்ந்த உங்கள் வீட்டு ஆச்சிக்கு இந்த உதவியே தேவைப்படாது, சென்னையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நிச்சயம் தேவைப்படும். நுரைக்கும் ஒயினில் கருத்து இரண்டாகப் பிரிகிறது. கரியமில வாயு வாயில் அமிலமாக மாறித் தானே ஒரு குத்து குத்தும். சிலருக்கு அது எண்ணெயைக் கழுவிவிட்ட சுகம், சிலருக்கு எரிகிற இடத்தில் மறுபடி எரிச்சல். காரம் தலைக்கு ஏற வேண்டும் என்றே ஷிராஸ் என்ற கனமான சிவப்பு ஒயினைக் கேட்டு வாங்கிக் குடித்த விருந்தாளிகளையும் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் போய்த் தப்பு என்று சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. நான் சொல்வது இருபது பேரில் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்க வாய்ப்புள்ள வழி, அவ்வளவுதான்.

புளிக்கு வருவோம், எனக்கு இதில் ரொம்பவே ஆர்வம் உண்டு. புளியின் முக்கியமான அமிலம் டார்டாரிக் அமிலம். திராட்சையின் முக்கியமான அமிலமும் அதே டார்டாரிக்தான். பெரும்பாலான பழங்களில் சிட்ரிக்கோ மாலிக்கோதான் முன்னால் நிற்கும், டார்டாரிக் இந்த அளவுக்கு இருப்பது அபூர்வம். ஆக மீன் குழம்பும் ஒயினும் ஒரு வகையில் பங்காளிகள், பங்காளிகளுக்குள் வருகிற சண்டையும் வரும். சாப்பாட்டில் இருக்கும் புளிப்பைவிட ஒயினில் புளிப்பு குறைவாக இருந்தால், ஒயின் சப்பென்று தண்ணீர் மாதிரி ஆகிவிடும். குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மெர்லோ என்ற மென்மையான சிவப்பு ஒயினைக் குடித்துப் பாருங்கள், காசு வீண் என்று தோன்றும். அதனால் புளி தூக்கலாக இருக்கும் குழம்புக்குச் சுருக்கென்று புளிப்புள்ள சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின், அதுவும் பல் கூசும் அளவுக்குக் குளிர வைத்து. மீனுக்குச் சிவப்பு ஆகாது என்று சொல்வதற்கும் இன்னொரு காரணம் கிடைத்திருக்கிறது: சில சிவப்பு ஒயின்களில் இரும்புச்சத்து கொஞ்சம் அதிகம், அது கடல் உணவோடு சேரும்போது ஒரு கவிச்சி வாடை கிளம்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். எல்லாச் சிவப்பு ஒயினிலும் அப்படி வராது. ஆனால் எந்தப் பாட்டிலில் வரும் என்று லேபிளைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழி இல்லாததால், தொண்டி மீன் இருக்கும் இடத்தில் சிவப்பைத் தள்ளி வைப்பதே நல்லது.

சரி, என்ன வாங்கலாம். இருபது பேருக்கு ஒரே ஒரு வகைதான் வாங்க வேண்டும் என்றால் இந்திய செனின் பிளாங்க் வெள்ளை ஒயின் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பிரான்சின் லுவார் ஆற்றுப் பக்கத்துத் திராட்சை இது. வெயில் ஊரில் நட்டாலும் புளிப்பை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது, அதனால்தான் நாசிக்கில் இவ்வளவு நன்றாக நிலைத்துவிட்டது. 2000-இல் நாசிக்கின் சுலா கம்பெனி முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த ஒயின்களில் இதுவும் ஒன்று. சுலாவின் செனின் கொஞ்சம் இனிப்புப் பக்கம் சாயும், வாயில் பட்டதும் அன்னாசி, கொய்யா மாதிரி ஒரு வாசனை, பின்னாலேயே புளிப்பு. மகாராஷ்டிரத்தின் அகலூஜில் இருக்கும் ஃபிராடெல்லி கம்பெனி எடுக்கும் செனினில் இனிப்பு குறைவு. உப்புக்கறிக்கு முதல் வகை, வெறும் வறுத்த மீனோ இறாலோ இருந்தால் இரண்டாவது. நம் ஆட்களில் சிலர் இனிப்பு ஒயின் என்றாலே மட்டம் என்று நினைப்பார்கள், பாகு மாதிரி இருக்கும் போர்ட் வகைகளைக் குடித்துப் பழகிய பயம் அது. செனினில் வருவது அந்த இனிப்பு கிடையாது, புளிப்பு அதைப் பிடித்து வைத்திருக்கும்.

உப்புக்கறியைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், உங்கள் பட்டியலிலேயே ஒயினுக்குக் கஷ்டமான ஐட்டம் அதுதான். அதில் பெரிய மசாலா எதுவும் கிடையாது: ஆட்டுக்கறி, நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, உப்பு, கைநிறைய வரமிளகாய். அப்படி எளிமையாக இருப்பதால் மிளகாய் நேராக வந்து முகத்தில் அறையும், மறைந்துகொள்ள இடமே கிடையாது. இதற்கு லேசான இனிப்புள்ள செனினை எட்டு டிகிரிக்குக் குளிர வைத்து, சின்னச் சின்ன வாயாகக் குடிக்க வேண்டும். முதல் வாய் கறியில் எண்ணெயும் உப்பும் நாக்கில் படரும், அடுத்து மிளகாய் மேலே வரும், அந்த நேரத்தில் ஒயின் உள்ளே போனால் குளிர்ச்சி முதலில் எரிச்சலை நிறுத்தும், இனிப்பு அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், கடைசியில் புளிப்பு வந்து எண்ணெயை வழித்துவிட்டுப் போகும், வாய் அடுத்த துண்டுக்குத் தயாராகிவிடும். ஒயின் சூடாகிவிட்டால் இதில் பாதி வேலை நடக்காது. அடுப்பில் நிற்பவரிடம் சொல்லி, மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டுப் போடச் சொன்னால் கறிக்கும் நல்லது, ஒயினுக்கும் நல்லது.

மிளகுக் கோழி வறுவலில் மட்டும் அயித்தான் ஜெயிக்கிறார். மிளகின் வாசனைக்குக் காரணமான ரோட்டன்டோன் என்ற பொருள்தான் ஷிராஸ் ஒயினில் வரும் மிளகு வாசனைக்கும் காரணம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்தார் 2008-இல் கண்டுபிடித்தார்கள். ஒயினில் மிளகு மணக்கிறது என்று ருசிப்பவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது வெறும் கற்பனை இல்லை என்பது அதில் உறுதியானது. வெயில் அதிகமில்லாத இடத்தில் விளையும் திராட்சையில் இந்த வாசனை கூடுதலாக வரும், அதனால் எல்லா ஷிராஸிலும் எதிர்பார்க்க வேண்டாம். மிளகின் உறைப்புக்குக் காரணம் பைபரின், அது கேப்சைசினைவிடப் பல மடங்கு சாந்தமானது. ஆகவே மிளகாய் குறைவாக, மிளகும் சோம்பும் தூக்கலாக இருக்கும் வறுவலுக்கோ சுக்காவுக்கோ ஒரு ஷிராஸ் பாட்டில் வைக்கலாம். ஓக்கில் ரொம்ப நாள் கிடந்ததாக இல்லாமல் இளசாக, டானின் குறைவாக இருக்க வேண்டும், அப்புறம் ஐஸ் தொட்டியில் ஒரு பத்து நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். சிவப்பு ஒயினை அறையின் சூட்டில் வைத்துப் பரிமாறலாம் என்று எழுதியவர்களின் அறை பதினெட்டு டிகிரியில் இருந்தது. மாசி மாதத்துப் பகலில் நம் ஊரில் நிழலிலேயே முப்பதைத் தாண்டும். அந்தச் சூட்டில் சிவப்பு ஒயின் கஞ்சி மாதிரி மந்தமாகி, ஆல்கஹால் வாடை மட்டும் மூக்கில் ஏறும்.

ரோஸே எதோடும் சண்டை போடாது, அதனால் யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று கவனிக்க முடியாத கூட்டத்துக்கு மிகவும் ஏற்றது. சுலாவின் ஜின்ஃபாண்டல் ரோஸே கொஞ்சம் இனிப்பு, காரைக்குடிக் கூட்டத்தில் முதலில் காலியாவது அதுவாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நண்டு, இறால் மசாலா, சீயம் எல்லாவற்றுக்கும் அதை ஊற்றலாம்.

நான் இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த விஷயம் புரூட் வகை, அதாவது இனிப்பு மிகக் குறைந்த, நுரைக்கும் ஒயின். அதை எதற்கு வைக்க வேண்டும் தெரியுமா? விருந்து ஆரம்பிக்கும் முன்னால் தட்டில் வைக்கும் தேன்குழலுக்கும் சீப்புச் சீடைக்கும் கைமுறுக்குக்கும். உப்பு, மொறுமொறுப்பு, எண்ணெய் மூன்றும் ஒரே இடத்தில், காரம் கிட்டத்தட்டக் கிடையாது. நுரையும் புளிப்பும் அந்த எண்ணெயை அறுத்துக்கொண்டு போகும், உப்பு ஒயினின் பழ ருசியைத் தூக்கிவிடும். ஷாம்பெய்னையே பொரித்த உப்புத் தின்பண்டத்தோடு சந்தோஷமாகக் குடிப்பவர்கள் உண்டு, நம்மிடம் அதைவிட நல்ல பலகாரம் டப்பா டப்பாவாக இருக்கிறது, யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. வெள்ளைப் பணியாரத்துக்கும் இதுவே, ஆனால் பக்கத்தில் இருக்கும் வரமிளகாய்ச் சட்னியை ஓரமாகத் தொட்டுக்கொள்ள வேண்டும். நாசிக் பக்கம் திண்டோரியில் எடுக்கும் ஷாண்டோன், சுலாவின் புரூட் இரண்டுமே பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்து எடுப்பவை, இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். திறக்கும்போது கவனம்: உள்ளே ஐந்து ஆறு வளிமண்டல அழுத்தம் இருக்கும், சூடான பாட்டிலாக இருந்தால் பாதி ஒயின் தரைக்குப் போய்விடும். நன்றாகக் குளிர்ந்த பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல் சாய்த்துப் பிடித்து, தக்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள்.

கவுனி அரிசிக்கு விதி ஒன்றே ஒன்று, ஒயின் பலகாரத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஒயின் புளித்த தண்ணீராகத் தெரியும். தேங்காயும் நெய்யும் சர்க்கரையும் போட்ட கவுனிக்கு லேட் ஹார்வெஸ்ட் செனின், அதாவது நன்றாகப் பழுக்க விட்டுத் தாமதமாகப் பறித்த திராட்சையில் எடுத்த இனிப்பு ஒயின், சின்னப் பாட்டில் ஒன்று, ஆளுக்கு இரண்டு மடக்கு. கும்மாயத்துக்கு எனக்கு எதுவும் பிடித்ததில்லை, கருப்பட்டியும் உளுந்தும் சேர்ந்தால் அதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

அயித்தான் விமான நிலையத்தில் வாங்கி வருவதாக இருந்தால், வரியில்லாமல் ஒருவர் இரண்டு லிட்டர் வரை கொண்டுவரலாம், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. அதில் ஒன்று ரீஸ்லிங் என்ற ஜெர்மன் வெள்ளை ஒயின், லேபிளில் காபினெட் என்று போட்டிருப்பது. இனிப்பு வகையாக இருந்தால் ஆல்கஹால் பெரும்பாலும் எட்டிலிருந்து பத்து சதவீதம்தான் இருக்கும், காரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒயின் எனக்குத் தெரிந்து கிடையாது. இன்னொன்று இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்தி, ஐந்தரை சதவீதம் பக்கம்தான் ஆல்கஹால், லேசான நுரை. அதை மோந்து பார்த்ததும் பன்னீர்த் திராட்சை ஞாபகம் வரும், வரத்தான் வேண்டும், இரண்டும் மஸ்கட் என்ற திராட்சைக் குடும்பம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. இங்கே கடையில் வெளிநாட்டு ஒயின் வாங்குவதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன், பல வருடங்களாக 150 சதவீதம் வரை இறக்குமதி வரி இருந்துவந்தது, அதற்கு மேல் மாநில வரி, நீங்கள் கொடுக்கும் காசில் ஒயினுக்குப் போவது கொஞ்சம்தான்.

வெளியில் குடிப்பதில் பாதி வெற்றி ஐஸில் இருக்கிறது. வீட்டு ஃப்ரிட்ஜில் எட்டு பாட்டில் வைத்து, குழந்தைகள் திறந்து திறந்து மூடி, சாயங்காலம் தோப்புக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் வெதுவெதுவென்று ஆகிவிடும். மீன் மார்க்கெட்டில் ஐஸ் பார் உடைத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய அண்டா ஒன்றில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கை கல்லுப்பு. வெறும் ஐஸில் பாட்டில் அங்கங்கேதான் தொடும், தண்ணீர் இருந்தால் கழுத்துவரை சுற்றிப் பிடித்துக்கொள்ளும், உப்பு போட்டால் தண்ணீர் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கிற வேலை இதில் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடியும். லேபிள் நனைந்து உரிந்து வரும், எது எது என்று கழுத்தில் ஒரு நூல் கட்டி வைத்துவிடுங்கள். கிளாஸில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், கால் மணி நேரத்தில் சூடாகிவிடும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் முறை. தண்டு வைத்த கிளாஸ் தோப்புத் தரையில் நிற்காது, சாதாரணக் கண்ணாடி டம்ளர் போதும். எவர்சில்வர் வேண்டாம், கைச்சூடு உடனே ஏறும். பாட்டிலை வெயிலில் காட்டாதீர்கள், முக்கியமாக நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வரும் ரோஸே. சூரிய வெளிச்சம் பட்டால் சில மணி நேரத்திலேயே வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை வந்துவிடும். யாராவது ரோஸேயில் ஐஸ் கட்டி போட்டுக்கொண்டால் போடட்டும், சூடான ஒயினைவிடத் தண்ணீர் கலந்த ஒயின் எவ்வளவோ மேல்.

வாங்கும் இடம் உங்களுக்கே தெரியும், 2003-இலிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் ஒன்றுதான். சாதாரணக் கடையில் ஒயின் தேடுவது வீண் வேலை, மதுரையிலோ திருச்சியிலோ டாஸ்மாக்கின் எலைட் என்ற உயர்ரகக் கடைக்குப் போங்கள், நான் சொன்ன எல்லாம் ஒரே நாளில் ஒரே கடையில் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஏ.சி. உள்ள கடையா, பாட்டில் வெயில் படும் கண்ணாடி ஓரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நான் சொன்ன இந்திய வெள்ளையும் ரோஸேயும் பாட்டிலில் கிடந்து வளர்கிற ஜாதி கிடையாது, லேபிளில் இருக்கும் வருடம் எவ்வளவு புதிதோ அவ்வளவு நல்லது. உங்கள் விருந்து நடக்கும் மாசியில்தான் மகாராஷ்டிரத்தில் அறுவடையே நடந்துகொண்டிருக்கும், அதனால் முந்தைய வருடத்துச் சரக்கைக் கேட்டு வாங்குங்கள். தக்கை வெளியே தள்ளியிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ அது சூட்டில் அடிபட்ட பாட்டில், வைத்துவிட்டு வேறு எடுங்கள். வாங்கியதைக் கார் டிக்கியில் பூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடாதீர்கள். புதுச்சேரியில் மலிவு என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், சோதனைச்சாவடியில் மாட்டினால் வண்டியும் சேர்ந்து போகும். கண்மாய்க்கரை, ஊருணிப் படிக்கட்டு எல்லாம் பொது இடம், அங்கே குடிப்பது குற்றம். சொந்தத் தோப்புக்குள்ளேயே இருங்கள், 21 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நன்னாரி சர்பத்.

அளவு: ஒரு பாட்டிலில் ஐந்து கிளாஸ் வரும். இருபது பேரில் பன்னிரண்டு பேர் குடிப்பார்கள், ஆளுக்கு மூன்று என்று வைத்தால் எட்டு பாட்டில். செனின் மூன்று, ரோஸே இரண்டு, புரூட் இரண்டு, ஷிராஸ் ஒன்று. குழம்பில் புளி தூக்கல் என்றால் ஒரு செனினுக்குப் பதில் சாவிஞான் பிளாங்க். கடைசிக்குச் சின்னப் பாட்டில் லேட் ஹார்வெஸ்ட் தனி. ஒயின் லேசு என்ற நினைப்பில் மடமடவென்று குடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லிவையுங்கள்: 12.5 சதவீத ஒயின் ஒரு முழு பாட்டிலில் இருக்கும் ஆல்கஹால், 650 மில்லி ஸ்ட்ராங் பீர் இரண்டில் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். மதுரைக்குத் திரும்ப வண்டி ஓட்டுகிறவர் யார் என்று முதல் பாட்டில் திறக்கும் முன்பே முடிவு செய்து, அவர் கையில் மோர் டம்ளரைக் கொடுத்துவிடுங்கள்.

அயித்தான் ஏற்கெனவே அந்தக் கனமான கேபர்னேயை வாங்கிவிட்டார் என்றால் அதற்கும் வழி உண்டு. கறி வெட்டும்போதே கொழுப்போடு நாலு சாப்ஸை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மிளகாய்த்தூள் படாமல் உப்பும் இடித்த மிளகும் மட்டும் தடவி, விறகு எரிந்து அடங்கிய கங்கில் வாட்டி அவர் தட்டில் வையுங்கள். உப்புக்கறி அவர் பக்கம் வருவதற்கு முன்னால் அந்தப் பாட்டிலை முடித்துவிட வேண்டும்.